பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர்

தம்பிதுரை ஐயா கூட வருகிறார் என்றதுமே இளவேனிலுக்குப் பாதி உற்சாகம் வடிந்துவிட்டது.

பீளமேட்டில் அவர்கள் போகிற சர்ச்சில், கிடார் வேண்டாம் என்று கமிட்டியில் எழுந்து நின்று சொன்ன ஒரே ஆள் அவர்.

"கர்த்தர் சன்னிதியில கச்சேரி எதுக்குங்க? ஆர்மோனியம் போதும்."

மூன்று வாரத்துக்கு முன், ஆராதனை நடுவே அவள் கிடாரின் ஆம்பிளிஃபயர் கரகரத்து ஓய்ந்தது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. நாளை அறுப்பின் பண்டிகை. விரல் நுனி காய்த்துப்போக இரண்டு மாதமாகப் பழகியிருக்கிறாள். இந்த நேரம் பார்த்து, ஸ்பீக்கர் வாங்க நான் போகிறேன் என்று அவரே கை தூக்கினாராம்.

"இருக்கறதுலயே ஊமை ஸ்பீக்கரா பாத்து வாங்கிப்போடுவாரு, பாரு" என்றாள் பாட்டுக்குழு சித்திகா.

காந்திபுரத்தில் நரசிம்மலுவின் கடை. ஆட்டோவிலிருந்து ஆம்பிளிஃபயர் பெட்டியை இறக்கியதும், கடைக்காரர் மூன்று ஸ்பீக்கர்களை எடுத்து வைத்தார். மூன்றும் பன்னிரண்டு இஞ்ச். மூன்றும் எட்டு ஓம் மின்தடை.

"ஒவ்வொண்ணா மாட்டறேன். வாசிச்சுப் பாரு, அம்மணி."

தம்பிதுரை எதிர்ச்சாரியைக் காட்டினார். அங்கே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு எஸ்.டி.டி. டெலிபோன் பூத்.

"நான் அதுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கறேனுங்க. கைகாட்டுனா வாசிக்கச் சொல்லுங்க."

போய்விட்டார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் வெள்ளைச் சட்டை தெரிந்தது.

"கேக்கக் கூடாதுன்னே கதவச் சாத்திக்கறாரு. என்ற வியாபாரத்துல இப்பிடி ஒரு கிராக்கியப் பாத்ததில்லை" என்று சிரித்தார் நரசிம்மலு.

முதல் ஸ்பீக்கர். வாசித்தாள். தகர டப்பாவைத் தட்டினது போல் இருந்தது. பூத்துக்குள் தலை ஆடியது: வேண்டாம்.

இரண்டாவது கொஞ்சம் கனத்துப் பேசியது. அதற்கும் தலை ஆடியது.

மூன்றாவதை மாட்டும் முன் நரசிம்மலு, டார்ச் பேட்டரி ஒன்றை அதன் முனைகளில் தொட்டுக் காட்டினார். பழுப்புக் காகிதக் கூம்பு 'தும்' என்று ஒரு துள்ளு துள்ளியது. இளவேனிலின் நெஞ்சும் கூடவே துள்ளியது. இதுதான். வாசிக்காமலே தெரிந்தது.

ஆனால் சத்தம் அதிகம் என்றுதானே அந்த இரண்டும் கழிந்தன? சட்டென்று குனிந்து, வால்யூமைக் கால்வாசிக்குக் குறைத்தாள். பூனை நடக்கிற மாதிரி வாசித்தாள்.

தம்பிதுரை காதைக் கண்ணாடியோடு ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். பிறகு தலை ஆடியது. கதவைத் திறந்து, தோள் தொங்க ரோட்டைத் தாண்டி வந்தார்.

"வேற இல்லீங்களா?"

"பன்னண்டு இஞ்சுல இவ்வளவுதானுங்க. மெட்ராஸ்ல இருந்து வர ஒரு மாசம் ஆகும்."

"அப்ப ஆட்டோவக் கூப்புடுங்க."

இளவேனில் கிடாரைக் கழற்றவில்லை. போகிறதுதான் போகிறோம், ஒரு தடவை.

"ஐயா, இன்னும் ஒரே ஒரு வாட்டி கதவச் சாத்திக்குங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி ரோட்டைத் தாண்டினார்.

வால்யூமை முழுக்கத் திருகினாள். நாளைய கீர்த்தனையின் முதல் வரியை எடுத்தாள்.

கடை அலமாரிக் கண்ணாடிகள் நடுங்கின. இளநீர்க்காரர் அரிவாளை நிறுத்திவிட்டுத் திரும்பினார். ஸ்டாப்பில் நின்ற டவுன் பஸ்ஸின் சன்னல்களில் வரிசையாகத் தலைகள். அவளுக்குள் இரண்டு மாதமாக அடைந்து கிடந்ததெல்லாம் தெருவில் இறங்கி ஓடியது.

எஸ்.டி.டி. பூத்தின் கதவு படாரென்று திறந்தது.

ஓய்வு பெற்ற மில் சூப்பர்வைசர், கமிட்டி மெம்பர் தம்பிதுரை, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு சைக்கிளையும் ஒரு மொபெட்டையும் கைகாட்டி நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"இதேதான் கண்ணு. இதையே கட்டச் சொல்லு."

இளவேனிலுக்கு ஒன்றும் புரியவில்லை. "முன்னாடியும் இதேதானுங்க ஐயா. நீங்க வேண்டாம்பீங்கன்னு நான்தான் சத்தத்தக் கொறச்சுப்போட்டேன்."

"அட, கெடுத்துப்போடப் பாத்தியே."

"உங்களுக்குத்தான் கிடாரே புடிக்காதுங்களே."

"இப்பவும் புடிக்கல" என்றார் தம்பிதுரை. கை, ஸ்பீக்கரின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. "சர்ச்சுக்குப் பின்சந்துலதான் எங்கூடு. எங்கூட்டுக்காரி படுத்த படுக்கையாகி ஏழு மாசமாச்சு. மூச்சு இழுப்பு. சன்னலத் தொறக்கக் கூடாது. ஆர்மோனியம் அவளுக்கு எட்டாது கண்ணு, உன்ற கிடாருதான் எட்டுச்சு. மூணு வாரமா ஞாயித்துக்கிழமையானா, 'ஏனுங்க, இன்னிக்குக் கோயில் இல்லீங்களா'ன்னு கேக்கறா."