அடுத்த வீட்டு அண்ணன்

நினைவுக் கூட்டத்தில் பட்டாளத்துக்காரரின் படத்தைப் பார்க்கப் பார்க்க அடுத்த வீட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது. செத்தும் விடமாட்டேன் என்கிறாரே!

“சண்டைக்குப் போய்ப் பதக்கம் வாங்கின மனுஷன், பொண்டாட்டி துணிக்கு இஸ்திரி போடுவாரு. நீங்களும் இருக்கீங்களே!” மனைவி காதைக் கடித்தாள். இருபது வருஷமாக இதே பாட்டுதான்.

கிளம்பும்போது பட்டாளத்துக்காரரின் மனைவி அவரிடம் வந்தாள்.

“உங்களுக்குத்தாண்ணே நன்றி சொல்லணும். ஆரம்பத்துல அவர் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார். ‘அடுத்த வீட்டு அண்ணன் சம்சாரத்துக்கு டீ போட்டு, துணிக்கு இஸ்திரியும் போடுறாராம்’னு சொல்லிச் சொல்லித்தான் வழிக்குக் கொண்டுவந்தேன்.”

“நானா? யாரும்மா சொன்னது?”

“அண்ணிதான். நாங்க குடிவந்த அன்னைக்கே சொன்னாங்களே!”

கசங்கிய சட்டையை இழுத்துவிட்டபடி அவர் திரும்பினார். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தாள்.