வால்பாறைக்கு ஒரு மழைக்கோட்டு

உலக வணிகமே கூரியர் கட்டணம் என்ற ஒற்றை நூலில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது குணாளனின் தீர்க்கமான முடிவு. அவருடைய உலக வணிகம், குழந்தைகளுக்கு மழைக்கோட்டு விற்கும் ஓர் இணையக் கடை. அதன் தலைமைச் செயல் அதிகாரியும் அட்டைப்பெட்டி ஒட்டுபவரும் அவர் ஒருவரே. கூரியர்காரர்களின் கட்டணம் திரையில் வராமல் நின்றுபோனால் வாங்க வந்தவர் வேறு கடைக்குப் போய்விடுவார். அதனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கான நீலக் கோட்டு ஒன்றை வால்பாறைக்கு அனுப்ப எவ்வளவு ஆகும் என்று கணினி கூரியர் நிறுவனத்திடம் நாள் முழுக்கச் சோதனைக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கும்படி செய்துவைத்திருந்தார். பதில் வராவிட்டால் அவருடைய கைபேசி அலறும். வால்பாறையில்தான் பிரிந்துபோன மனைவியும் மகள் சுடரும் இருந்தார்கள்.

அன்று சுடரே அழைத்தாள். "அப்பா, இங்க மழை கொட்டுது. கோட்டு அனுப்புறேன்னியே?"

குறுக்கே கைபேசி அலறியது.

"இரு கண்ணு, உன் ஊருக்கு ரேட் வரல" என்று கணினியிடம் ஓடினார். அவர் உட்காருவதற்குள் அது தானாகவே சரியாகியிருந்தது.

"வந்துடுச்சும்மா. இனிமே எப்ப வேணாலும் அனுப்பலாம்."

"போன வருஷமும் இதேதான் சொன்ன. நான் இப்ப அம்மா தோளுக்கு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

குணாளன் ஒரு பெட்டியை மடித்து ஒட்டி, அதன்மேல் வால்பாறை முகவரியை எழுதினார். பிறகு அலமாரியைத் திறந்தார். எல்லா அளவிலும் கோட்டுகள் இருந்தன. சுடரின் அளவு அவருக்குத் தெரியாது.