அண்ணனின் குரல்

“கழுத்தை அறுத்துடுவேன்!”

சொன்னவர் ஒரு டப்பிங் கலைஞர். மிரட்டியவர் அவர்தான், மிரண்டுபோய் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தவரும் சாட்சாத் அவரேதான்.

“அதே குரல்! அச்சு அசல்!” என்று தொடையைத் தட்டினான் அண்ணனின் மச்சான்.

அண்ணன் என்றால் ஊரையே ஆட்டிப்படைக்கும் தாதா. அவர் கதையைத்தான் போன வருஷம் படமாக எடுத்தார்கள். நடித்தது யாரோ, குரல் இவருடையது. படம் ஓஹோவென்று ஓடியது. இன்றைக்கு ஸ்டூடியோ வாசலிலேயே அண்ணனின் ஆட்கள் இவரை வண்டியில் அள்ளிப்போட்டு வந்து, இந்த மாடி அறையில் தள்ளி, வெளியே பூட்டிவிட்டார்கள்.

“எழுதிக் கொடுத்ததைத்தான் பேசினேன். தப்பா இருந்தா அண்ணன் கால்லயே விழறேன். வீட்ல பொண்ணு தனியா இருக்காய்யா.”

“ஷ்! அண்ணன் உள்ளே தூங்கறாரு.” பக்கத்து அறையைக் காட்டிய மச்சான், மறு நிமிஷமே கூரை அதிரச் சிரித்தான். “தப்புன்னு யாருய்யா சொன்னது? அண்ணன் வாயே திறக்க மாட்டாரு. வந்து நின்னாலே போதும். இப்ப உடம்பு முடியல, வெளியே வர்றதில்ல. உன் குரல்தான் அவரு குரல்னு ஊரே நம்புது. தெருமுனை சைக்கிள் கடைக்காரன்கிட்ட கடையைக் காலி பண்ணச் சொல்லு. சரியா பேசினியானா பாக்கலாம்.”

போனைக் காதில் திணித்தான். மகள் முகம் கண்ணுக்குள் நிற்க, அந்தக் கட்டைக் குரலை எடுத்தார்.

“நான்தான் பேசறேன். நாளைக்கு உன் கடை அங்க இருக்கக் கூடாது.”

மறுமுனையில் கடைக்காரன் கூவினான். “அண்ணே, நீங்களா! உங்க படத்தை நாலு தடவை பாத்துட்டேண்ணே! கடை என்னண்ணே பெரிய கடை, காலையிலயே காலி பண்ணிடறேன். அந்தக் கழுத்தறுக்கற வசனத்தை மட்டும் ஒருவாட்டி சொல்லுங்கண்ணே, வீட்ல எல்லாரும் கேக்கணும்!”

சொன்னார். அங்கே குடும்பமே விசிலடித்தது. அடப்பாவி மனுஷா, பிழைப்பே போகிறது, இதற்கா விசில் என்று இவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“சொன்னபடி பேசிட்டேன். கதவைத் திறங்க, நான் போகணும்.”

மச்சான் எழுந்து கையைக் கட்டிக்கொண்டான். “அது முடியாது.”

“அண்ணன்கிட்டயே கேட்டுக்கறேன்!” பாய்ந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே கட்டில், உறை பிரிக்காத புது மெத்தை. அதன்மேல் அவர் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டிய அவருடைய சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஆளைக் காணோம்.

“அண்ணன் எங்கேய்யா?”

“புதைச்சு ஒரு மாசமாச்சு. இனிமே நீங்கதாண்ணே அண்ணன்.”