கவிழ்ந்து கிடந்த சீட்டு

மேஜையில் மற்ற சீட்டுகளெல்லாம் முகத்தைக் காட்டிக்கொண்டு கிடக்க, கிளாவர் ரெண்டு மட்டும் கவிழ்ந்து கிடந்தது. எதிரே மல்லாந்திருந்த ஆட்டின் ராஜா அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, நீங்க என்னைவிடப் பெரிய ஆஸ் சீட்டுதானே?” என்று மெல்லக் கேட்டார்.

ரெண்டுக்குச் சொல்லிவிட நாக்கு துடித்தது. அதனிடம் யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசியதே இல்லை. ஆனால் பேரைச் சொன்னால், தன்னை வைத்து ஆடுகிறவர் தோற்றுப்போவார். வாயைத் திறக்காமல் கிடந்தது.

அந்த மௌனத்துக்கே ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. அவரை வைத்திருந்தவரும் பயந்துபோய், ஆட்டமே வேண்டாமென்று ஒதுங்கிவிட்டார். ஜெயித்துக் கொடுத்த சீட்டை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. அப்படியே சீட்டுக்கட்டில் செருகிக் கலைத்தார்கள்.

அடுத்த ஆட்டத்தில் அதே இடத்தில் ரெண்டு மல்லாந்து விழுந்தது. பக்கத்தில் அதே ராஜா.

“கொஞ்சம் தள்ளிப் படுடா,” என்றார் ராஜா. “போன ஆட்டத்துல இந்த இடத்துல ஒரு பெரியவர் இருந்தார். கடைசி வரைக்கும் தான் யாருன்னே சொல்லல. நீ அவரைப் பார்த்திருக்கியா?”

“இல்லீங்க,” என்றது ரெண்டு, தள்ளிப் படுத்துக்கொண்டே.