வரிசையில் முதல் ஆள்

“வந்துடும்மா. இன்னைக்கு அது வந்துதான் ஆகணும்” என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். சொன்ன கையோடு அவரே எழுந்துபோய், கண்ணாடிச் சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வெறும் ஓடுபாதையைப் பார்த்தார்.

பதினொரு மணி விமானம். இப்போது மணி மூன்று. தையல்காரி மறுபடியும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு அவள் கோர்ட்டில் நிற்க வேண்டும். ஏழு வயது மகள் இனி அம்மாவிடமா, அப்பாவிடமா என்பது நாளைக்குத்தான் முடிவாகும். ரயிலில் போனால் இரண்டு நாள்.

போன தடவையும் இதே கம்பெனிதான் கழுத்தை அறுத்தது. ஏறுவதற்கு அரை மணி இருக்கும்போது ரத்து என்றார்கள். பணத்தைக் கேட்டதற்கு, “பணமா தர முடியாது, வேற தேதிக்கு டிக்கெட் தர்றோம்” என்று கையை விரித்துவிட்டார்கள். அந்த டிக்கெட்தான் இப்போது அவள் கையில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. வக்கீல்.

“ஏறிட்டீங்களா?”

“இன்னும் விமானமே வரலை சார்.”

“என்னம்மா நீங்க... போன தடவை வராததையே அந்தப் பக்கத்து வக்கீல் பிடிச்சுத் தொங்குறார். பிள்ளை மேல அக்கறை இல்லாத அம்மான்னு எழுதிக் குடுத்திருக்கார். நாளைக்கும் வரலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

விமானம் ஏறும் வாசல் மேசையில் ஒரே ஒரு பெண். கோட்டில் பொத்தான் விழுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தாள். தையல்காரியின் கண் அதில்தான் முதலில் போய் நின்றது.

“வேற விமானம் ஏதாவது விடக் கூடாதா?” என்று கேட்டாள்.

“எங்ககிட்ட பறக்கிற நிலைமையில இருக்கிறதே இந்த ஒண்ணுதான்க்கா” என்றாள் அந்தப் பெண், சத்தமில்லாமல். “மத்ததெல்லாம் உதிரி பாகம் இல்லாம கொட்டகையில நிக்குது.”

திரும்பி வந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் காகிதக் கோப்பையில் டீ வாங்கி வைத்திருந்தார். பையில்லை, பெட்டியில்லை, மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் மட்டும்.

“குடிங்கம்மா. காலையிலேருந்து உங்க பல்லுல பச்சைத் தண்ணிகூடப் படலை.”

அந்த ஒரு வார்த்தைக்கே அவளுக்குக் கண் கலங்கியது. மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். பையைத் திறந்து ஒரே மாதிரி இரண்டு கவுன்களை எடுத்துக் காட்டினாள்.

“ரெண்டு அளவுல தச்சிருக்கேன் அண்ணே. பொண்ணைப் பார்த்து ஒரு வருஷம் ஆச்சு. எவ்வளவு உசரம் வளர்ந்திருப்பான்னு தெரியலை.”

அவர் கவுனின் ஓரத்தை விரலால் தடவினார்.

“கோர்ட் தேதின்னா தட்ட முடியாதும்மா” என்றார். “எனக்கும் அப்படித்தான். இன்னைக்கு விட்டா போச்சு.”

பாவம், இவருக்கும் அங்கே ஏதோ வழக்கு என்று நினைத்துக்கொண்டாள். துணைக்கு ஒரு ஆள் கிடைத்த மாதிரி இருந்தது.

மூன்றே முக்காலுக்கு விமானம் தரையைத் தொட்டது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். தையல்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெல்ல உருண்டு வந்த விமானத்தின் வாலையே பார்த்தார். அங்கே எழுதியிருந்த எழுத்தும் எண்ணும் தெரிகிற வரைக்கும் பார்த்தார். உதடுகள் அசைந்தன. வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்து அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

வந்தவர்கள் எல்லோரும் இறங்கிப் போனார்கள். ஏறுகிறவர்கள் முண்டியடித்தார்கள். எப்படியோ நெரிசலில் புகுந்து அவள் முதல் ஆளாய் நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்தால், அவர் ஃபைலும் கையுமாகப் பின்னால் தவித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இங்க வாங்க. நீங்க முன்னால போங்க.”

“வேண்டாம்மா, நீங்க...”

“இன்னைக்கு விட்டா போச்சுன்னீங்களே. வாங்கண்ணே.”

“காலையிலேருந்து நாங்க நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?” என்று பின்னால் ஒருவர் எரிந்து விழுந்தார்.

“ஒரே ஒரு ஆள்தானே சார். எனக்குத் தைரியம் சொன்ன மனுஷன், போகட்டும்” என்று சொல்லி, பையைக் காலால் ஒதுக்கி வழி விட்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே அவளைத் தாண்டிப் போனார்.

“போர்டிங் பாஸ் குடுங்க சார்” என்று மேசைப் பெண் கை நீட்டினாள்.

அவர் ஃபைலிலிருந்து முத்திரை குத்திய ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் விரித்தார். அவள் படித்தாள். படிக்கப் படிக்க முகத்தில் ஈயாடவில்லை. மைக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன அண்ணே, ஏதாவது சிக்கலா? என் போன்லேருந்து பேசிப் பார்க்கிறீங்களா?” என்று கேட்டாள் தையல்காரி.

அவர் இப்போதுதான் திரும்பினார்.

“என்னை மன்னிச்சுக்கங்கம்மா. நான் கோர்ட் அமீனா. கம்பெனி கடனுக்கு இந்த விமானத்தை ஜப்தி பண்ண வந்திருக்கேன்.”