கம்பளத்தின் மேல் செருப்பு

“கம்பளத்து மேல செருப்பு! தஸ்தர்கான் துணி விரிச்சு சாப்பிடற இடத்துல செருப்பு! இந்த வீட்டுக்கு வந்த எந்த மருமகளும் இப்படிச் செஞ்சதில்ல!”

ஹோஸியத் கத்தியது மார்கிலான் ஊரில் அடுத்த தெரு வரை கேட்டிருக்கும். மூன்று நாளாக இதே வார்த்தைகள், இதே வரிசை.

“உங்களை விட்டா இந்த வீட்டுக்கு வந்த மருமக நான் ஒருத்திதான், அத்தை,” என்றாள் ஓய்தின். “கழட்ட மாட்டேன்.”

பட்டு ஆலையில் எட்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நின்று தறி ஓட்டுகிறவள் அவள். வீட்டுக்கு வந்தால் வெறுங்காலோடு சமையலறை. பாத வளைவில் வலி வராமல் என்ன செய்யும்?

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். “குதிகால்லேர்ந்து விரல் வரைக்கும் அடியில ஒரு பட்டை ஓடுது. நின்னு நின்னு அது நொந்து போச்சு. ராத்திரி இறுகிக்கும், காலையில மொத அடி வைக்கிறப்போ உயிர் போகும். நடுவுல மேடு வெச்ச செருப்பு வாங்கு. மூணு மாசத்துக்கு, வீட்டுக்குள்ளகூட வெறுங்கால்ல நிக்காதே.”

வாசல் மண்ணைக்கூடப் பார்க்காத புதுச் செருப்பு அது. சொல்லிப் பார்த்தாள். மாமியார் கேட்டால்தானே?

மாலையில் உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கடியில் உருட்டினால் அதற்கும் ஒரு குத்தல்.

“ரொட்டிக்கு மாவு தேய்க்கிறியா? எங்க காலத்துல காலுன்னா நடக்கிறதுக்கு. கொஞ்சறதுக்கு இல்ல.”

ஓய்தின் பல்லைக் கடித்துக்கொண்டாள். பேசுகிற இந்த மகாராணி, காலையில் மெத்தைக்கே தேநீர் வந்தாக வேண்டும் என்பாள். எல்லோரும் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் எழுந்திருப்பாள். ஒருநாள்கூட அவள் மெத்தையை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை பேச்சு முற்றியது. மறுநாள் நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

“அவங்க முன்னாடி செருப்போட வந்தே, அப்படியே உங்கம்மா வீட்டுக்கு நடையைக் கட்டு!”

“செருப்போடதான் பரிமாறுவேன். இல்லேன்னா நீங்களே பரிமாறிக்குங்க.”

ஞாயிறு விடிந்தது. ஓய்தின் படுத்தபடியே துண்டை விரல்களில் மாட்டி, பாதத்தைத் தன் பக்கம் இருபது தடவை இழுத்தாள். பிறகு பக்கத்தில் கையை நீட்டித் துழாவினாள்.

செருப்பு இல்லை.

கட்டாயம் தூக்கித் தெருவில் எறிந்திருப்பாள் கிழவி! இருக்கட்டும். வெறுங்காலை மட்டும் ஊன்றுவதாக இல்லை. ஓய்தின் மண்டி போட்டாள். கைகளை ஊன்றி, குழந்தை மாதிரி தவழ்ந்தே கூடத்தைக் கடந்தாள். கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

மாமியாரின் அறைக் கதவைத் தள்ளினாள்.

மெத்தை காலியாக இருந்தது. ஹோஸியத் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலில் ஓய்தினின் செருப்பு. குதிகால் ஒரு விரலளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக ஓர் அடி வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். இன்னோர் அடி. சுளிப்பு கொஞ்சம் தளர்ந்தது.

திரும்பியவள், வாசலில் மண்டியிட்டிருந்த மருமகளைப் பார்த்துவிட்டாள்.

வெளியே நாத்தனார் முற்றத்துக் கதவைத் திறக்கும் சத்தம்.

“இருபத்தெட்டு வருஷமா இந்த மொத அடியை ஒருத்தருக்கும் காட்டினதில்ல,” என்றாள் ஹோஸியத். குரல் தெருவுக்கு இல்லை, அந்த அறைக்கே சரியாகக் கேட்கவில்லை.

கீழே கம்பளத்தைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள்.

“அவங்க வர்றதுக்குள்ள... சுவர் வரைக்கும் இன்னொரு தடவை இதோட நடந்துக்கட்டுமாம்மா?”