கடைசி அத்தியாயத்தில் தொடங்கியவள்

இப்போதெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் கேட்பதில்லை. பள்ளிப் பருவத்தில் எல்லோரும் ஆடும் அந்தப் பழைய கணினிச் சாகச விளையாட்டின் பதிவைத்தான் கேட்கிறார்கள். ஆடிய விதத்தில் ஆளின் குணம் தெரிந்துவிடுமாம்.

பூங்கோதையின் பதிவில் ஒரு தோஷம் இருந்தது. கடைசி அத்தியாயத்தை ஆடி முடித்துவிட்டுத்தான் முதல் அத்தியாயத்துக்கே போயிருந்தாள். மூன்று வரன்கள் அதனாலேயே தட்டிப்போயின.

நான்காவது வரனின் அப்பா சௌந்தரபாண்டி கைபேசியில் அவள் பதிவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இன்னொரு தடவ வரிசையா ஆடச் சொல்லுங்க. மூணு மாசம் டைம் தர்றோம்."

பூங்கோதையின் அப்பா அவசரமாகத் தலையாட்டினார்.

"நான் ஆட மாட்டேன்ப்பா," என்றாள் அவள்.

"சும்மா இருடி," என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

சௌந்தரபாண்டியின் விரல் ஓரிடத்தில் நின்றது. "கடைசியில நம்மளக் காட்டிக்கொடுக்கிற வில்லுக்காரன் இவன். நாலாவது அத்தியாயத்துல இவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப, இருந்த மருந்தையெல்லாம் கொடுத்திருக்க. முடிவு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் மாமா."

"அப்புறம் ஏம்மா?"

"அப்ப அவன் இன்னும் எதுவும் செய்யலையே."

அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை கதிரவேல் குறுக்கிட்டான். "நான் அவனைக் காட்டுலயே விட்டுட்டுப் போயிட்டேன். அவன் துரோகின்னு கூடப் படிச்சவன் ஒருத்தன் முன்னாடியே சொல்லிட்டான்."

"உன் பதிவு சுத்தமா, வரிசையாத்தானடா இருக்கு," என்றார் சௌந்தரபாண்டி.

"முடிவைக் கேட்டுட்டு ஆடினது அதுல தெரியாதுப்பா. திரும்ப ஆட வேண்டியது நான்தான்."

பூங்கோதை அவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆடிட்டு வாங்க," என்றாள். "அப்புறம் பேசலாம்."